6.5 கிரீட்மோரா, .300 மேக்னமா? 500 கஜத்தில் எல்க்: தோட்டா முக்கியமா, பழக்கம் முக்கியமா

ஆம்பூரான் · 9 ஜூன் 2024
சொந்த ஊர் ஆம்பூர், இப்போ இருப்பது டென்வர். வர்ற அக்டோபரில் கொலராடோ மலையில் முதல் எல்க் (குதிரை அளவு பெரிய மான் இனம்) வேட்டை. கையில் இருப்பது 6.5 கிரீட்மோர் தோட்டா போடும் துப்பாக்கி. ஆபீஸில் துப்பாக்கி தெரிஞ்சவங்க எல்லாரும் “அது மானுக்குத்தான் ஆகும், எல்க்குன்னா .300 வின்செஸ்டர் மேக்னம் வாங்கு”ன்னு ஒரே பாட்டு. 500 கஜம் வரைக்கும் சுடணும்னு ஆசை. 1,200 டாலர் ஒதுக்கியிருக்கேன். புதுத் துப்பாக்கியா, இல்லை அந்தக் காசைத் தோட்டாவுக்கும் பயிற்சிக்கும் போடட்டுமா?

பாலாத்தங்கரை · 9 ஜூன், இரவு
துப்பாக்கி வாங்காதே தம்பி. காரணம் கணக்கில் இருக்கு.

6.5-ல் 143 கிரெய்ன் (கிரெய்ன் என்பது குண்டின் எடை அளவு) குண்டு நொடிக்கு 2,700 அடி வேகத்தில் கிளம்பும். .300-ல் அதே வகை வேட்டைக் குண்டு, 200 கிரெய்ன், ஏறக்குறைய 2,850. கடல்மட்டக் காற்றில், குறுக்கே மணிக்கு 10 மைல் வேகத்தில் காற்று அடித்தால் 500 கஜத்தில் இரண்டும் 15 அங்குலம் தள்ளிப் போகும். இரண்டுக்கும் நடுவே கால் அங்குலம்கூடத் தேறாது. காற்றை 4 மைல் தப்பாகக் கணித்தால் எதைச் சுட்டாலும் 6 அங்குலப் பிழை.

தூரத்தை 25 கஜம் தப்பாக எடுத்தால் 6.5-ல் 5 அங்குலம், .300-ல் நாலரை அங்குலம் மேலேயோ கீழேயோ போகும். குண்டு போய்ச் சேர 6.5-க்கு 0.64 நொடி, .300-க்கு 0.61. அந்த நேரத்துக்குள் எல்க் சாதாரண நடையில் ஓர் எட்டு வைத்தால் மூணடிக்குக் கொஞ்சம் குறைவாக நகர்ந்துவிடும். தோள்பட்டைக்குப் பின்னால் வைத்த குறி குடலில் இறங்கும். அந்த 0.03 நொடிக்கா 1,200 டாலர்?

ரேஞ்சுமணி · 10 ஜூன்
அண்ணே, பாதிக் கணக்குதான் சொன்னீங்க. 500 கஜத்தில் 6.5-க்கு மிஞ்சுற சக்தி 1,300 அடி-பவுண்டு. .300-க்கு 2,000. எல்க்குக்கு 1,500 வேணும்னு காலங்காலமா சொல்றாங்க. அதை ஏன் விட்டுட்டீங்க?

பாலாத்தங்கரை · 10 ஜூன்
விடவில்லை, அடுத்து அதுதான். .300 ஜெயிக்கிற இடம் அதுதான், அதை மறுக்க முடியாது. 1,500 என்ற வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் 6.5 கிரீட்மோர் 400 கஜத்துக்குச் சற்று முன்னாலேயே அந்தக் கோட்டுக்குக் கீழே வந்துவிடும். .300 அதே கோட்டை 700 கஜம் தாண்டியும் பிடித்திருக்கும்.

ஆக தம்பியின் கேள்விக்கு நேர்ப் பதில்: 6.5-ஐ வைத்துக்கொள், 500-ஐ விடு. 400 உன் கடைசிக் கோடு. அந்த 400-க்குத் தகுதியாக இருக்கியா என்பதுதான் அடுத்த நாலு மாசத்து வேலை.

திருப்பத்தூர்க் கிழவன் · 10 ஜூன்
கரமோஜோ பெல்னு அந்தக் காலத்து யானை வேட்டைக்காரர், சின்ன 7 மில்லிமீட்டர் மௌசர் துப்பாக்கியை வச்சிக்கினு ஆப்பிரிக்காவில் யானையே சாய்ச்சாரு. நீங்க எல்க்குக்கு இந்தப் பேச்சு பேசறீங்க. பழக்கம்தான் நைனா எல்லாம்.

பாலாத்தங்கரை · 10 ஜூன்
பெரியவரே, பெல் கதை இந்த வாதத்தில் எப்போதும் வரும், எப்போதும் பாதியோடு நிற்கும். அவர் சுட்டது கிட்டப் போய், விரியாத கெட்டி உறைக் குண்டால், மண்டை ஓட்டின் உள்ளமைப்பை அறுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டு. 400 கஜத்தில், நெஞ்சுக்கூட்டுக்குள் விரிய வேண்டிய மெல்லிய உறைக் குண்டுக்கு அதிலிருந்து ஒரு பாடமும் கிடையாது. கிட்டப் போகணும் என்பதைத் தவிர.

பாலாத்தங்கரை · 12 ஜூன்
1,500 கணக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம். அந்த எண் ஒரு வழக்கம். அது இயற்பியல் விதி இல்லை. மிருகத்தை வீழ்த்துவது குண்டு போட்ட ஓட்டை. அந்த ஓட்டை அகலமாகவும் ஆழமாகவும் இருக்க இரண்டு விஷயம் வேண்டும்: போய்ச் சேரும்போது குண்டு விரியும் அளவு வேகம், விரிந்த பிறகும் சிதறாத உடம்பு.

பெரும்பாலான வேட்டைக் குண்டுக்கு 1,800 அடி வேகத்தைக் கீழ்வரம்பாக வைத்துக்கொள்வது பாதுகாப்பு. 6.5-ன் 143 கிரெய்ன் 500 கஜத்திலும் 2,000 அடிக்குமேல்தான் ஓடுகிறது. ஆக விரியும். சிக்கல் வேறிடத்தில். எல்க் பக்கவாட்டில் நின்றால் விலா எலும்பு இரண்டு, நுரையீரல், முடிந்தது. அதே எல்க் முக்கால் திரும்பி நின்றால் குண்டு தோள் எலும்பையோ வயிற்று நிறையப் புல்லையோ கடக்கணும். அங்கே 200 கிரெய்னுக்கு இருக்கும் மிச்சம் 143-க்குக் கிடையாது.

அதனால் 6.5 வைத்திருப்பவனுக்கு விதி: பக்கவாட்டில் நிற்கும்வரை விரலை விசைக்குள் விடாதே. கிட்டத்துச் சூட்டில் குண்டு சிதறும் என்ற பயம் இருந்தால் உறையும் ஈயமும் ஒட்டவைத்த குண்டோ முழுச் செம்புக் குண்டோ எடு. ஆனால் செம்புக்கு விரியும் வேகம் கூட வேண்டும், அதனால் உன் தூரம் இன்னும் குறையும். பெட்டியின் மேல் தோட்டாப் பேரைப் பார்க்கிறவன் ஆயிரம் பேர், உள்ளே எந்தக் குண்டு என்று படிக்கிறவன் பத்துப் பேர்.

ஆம்பூரான் · 12 ஜூன்
சட்டப்படி 6.5 போதுமா அண்ணே?

ரேஞ்சுமணி · 12 ஜூன்
தாராளமா. கொலராடோவில் பெரிய மிருகத்துக்கு குறைந்தபட்சம் .24 விட்டம். எல்க்குக்கு விரியும் குண்டு 85 கிரெய்னுக்குக் குறையக்கூடாது. 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு இருக்கணும். உன்னுது எல்லாத்தையும் தாண்டுது. 1949 ஜனவரி 1-ல் அல்லது அதுக்கப்புறம் பிறந்தவங்களுக்கு வேட்டைப் பாதுகாப்பு வகுப்புச் சான்றிதழ் கட்டாயம். இடுப்புக்கு மேலே 500 சதுர அங்குலம் பளீர் ஆரஞ்சு அல்லது பிங்க், தலையிலும் அதே நிறம்.

பாலாத்தங்கரை · 12 ஜூன்
இதைவிட முக்கியமான ஒண்ணு. தம்பி எந்த விசா? எச்1பி மாதிரித் தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதே அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் அதற்கு விலக்கு. கிரீன் கார்டு என்றால் இந்தத் தொல்லையே இல்லை. நண்பன் துப்பாக்கியை ரேஞ்சில் (சுடும் பயிற்சி இடத்தில்) வாங்கிச் சுடுவதும் ‘கையில் வைத்திருப்பது’தான். கொலராடோவின் வருட உரிமம் மார்ச் 31-ல் முடியும். முடிந்த மறுநாள் விலக்கும் போச்சு, பீரோவில் துப்பாக்கி மட்டும் இருக்கும். நம்ம பசங்க பலர் கவனிக்காத இடம் இது. வழக்கறிஞரிடம் ஒருதரம் கேட்டுவிடு.

ஆம்பூரான் · 13 ஜூன்
கிரீன் கார்டு வந்தாச்சு அண்ணே. ஆனா தெரியாமலேதான் இருந்தேன்.

பாலாத்தங்கரை · 16 ஜூன்
இப்போ பழக்கம். மேசையில் மணல்மூட்டை வைத்து நூறு குண்டு சுடுவதற்குப் பெயர் துப்பாக்கியைச் சோதிப்பது. சுடுகிறவனுக்கு அதில் ஒரு பயிற்சியும் இல்லை.

முதலில் துப்பாக்கியின் கணக்கை முடி. 100 கஜத்தில் பத்துக் குண்டு, ஒரே தாளில். மூணு குண்டுக் குரூப்பை (தாளில் விழுந்த ஓட்டைகளின் கூட்டத்தை) நம்பாதே. மூணு எப்போதும் சின்னதாகத்தான் தெரியும், அதைத்தான் எல்லாரும் போட்டோ எடுத்துப் போடுவார்கள். பத்தின் பரவல்தான் உன் துப்பாக்கி. ஒன்றரை அங்குலத்துக்குள் வந்தால் 400 கஜ எல்க்குக்கு மிகையே. அதைச் சுருக்கக் காசு செலவழிக்காதே.

அடுத்து ஸ்கோப். 100 கஜத்தில் உயரமான தாள், நடுவில் தூக்குக்குண்டு பிடித்து வரைந்த செங்குத்துக் கோடு. கீழ்ப் புள்ளியைக் குறிவைத்துச் சுடு. ஸ்கோப்பின் உயர டயலை 5 மில் (மில் என்பது ஒரு கோண அளவு) ஏற்றி அதே புள்ளியைக் குறிவைத்துச் சுடு. குண்டு 18 அங்குலம் மேலே, கோட்டின் மேலேயே விழணும். 17 வந்தால் டயல் பொய் சொல்கிறது. கோட்டை விட்டு விலகினால் ஸ்கோப் சாய்வாகப் பூட்டியிருக்கு. திரும்ப இறக்கி மறுபடி சுட்டால் பழைய ஓட்டைக்கே வரணும்.

சுடும்போது துப்பாக்கி 5 டிகிரி சாய்ந்தால் 500 கஜத்தில் பக்கவாட்டில் 6 அங்குலம் போகும். மலைச்சரிவில் கண் ஏமாறும், எது நேர் என்றே தெரியாது. ஸ்கோப் மேல் சின்ன நீர்மட்டக் குமிழ் ஒன்று பூட்டு, சில டாலர்தான்.

இதற்குப் பிறகு மேசையை மறந்துவிடு. 10 அங்குல இரும்புத் தட்டு. பை மேல் படுத்து, முக்காலியில் உட்கார்ந்து, முட்டி போட்டு, பாறை ஓரத்தில் சாய்ந்து. அக்டோபர் மலையில் புதர் முட்டி உயரம். படுத்தால் ஸ்கோப்பில் புல்தான் தெரியும். அதனால் உட்கார்ந்து முக்காலியில் சுடுவதற்குத்தான் பாதித் தோட்டா போகணும்.

ஒவ்வொரு சூட்டுக்கும் வரிசை: உடம்பை அமர்த்து. கண்ணை மூடி ஒருதரம் மூச்சு விட்டுத் திற. குறி நகர்ந்திருந்தால் கையால் தள்ளி இழுக்காதே, இடுப்பையும் முட்டியையும் மாற்று. தூரம், டயல், காற்று. மூச்சின் அடியில் விசையை நேர் பின்னால் இழு. சுட்டபின் விசையைப் பிடித்தபடியே குண்டு விழுவதை ஸ்கோப்பில் பார். பிறகு தோளிலிருந்து எடுக்காமலே போல்ட்டை இழுத்து அடுத்தது.

பாலாத்தங்கரை · 16 ஜூன், பிறகு
மேலே விட்டுப்போனது. ‘உன் தூரம்’ கண்டுபிடிக்கும் முறை. ஒவ்வொரு ரேஞ்சு நாளிலும் முதல் குண்டு மட்டும் கணக்கு. ஆறின குழல், ஒத்திகை கிடையாது, வேட்டை நிலை. அந்த முதல் குண்டு பத்தில் ஒன்பது தட்டில் விழும் தூரம்தான் உன் தூரம். இரண்டாவது குண்டில் திருத்திக்கொள்வது தட்டுக்குச் சரி. எல்க்குக்கு இரண்டாவது வாய்ப்பு என்பது பெரும்பாலும் காயம்பட்ட எல்க்குக்குத்தான்.

காட்பாடி ஜங்ஷன் · 17 ஜூன்
இதெல்லாம் டென்வர்க்காரருக்கு. வேலூர்ல இருந்துக்கினு படிக்கிற நாங்க இன்னா பண்றது? ஜவ்வாது மலைல பன்னி கூட சுட முடியாது.

பாலாத்தங்கரை · 17 ஜூன்
கூடாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

பாலாத்தங்கரை · 18 ஜூன்
நேற்று சுருக்கமாக முடித்துவிட்டேன். காட்பாடிக்காரர் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கு. நெடுந்தூரச் சூட்டில் கஷ்டமான பாடம் காற்று. அதைப் படிக்கத் துப்பாக்கியே வேண்டாம். அதற்கு வேலூரைப் போல வசதியான ஊரும் கிடையாது.

ஏப்ரல், மே மாதம் காலை பத்து மணிக்குமேல் பாலாற்று மணலைக் கரையிலிருந்து நல்ல பைனாகுலரிலோ ஸ்டாண்டு போட்ட தொலைநோக்கியிலோ பார். எதிர்க்கரை மரத்தைத் தெளிவாக்கிவிட்டு, ஃபோகஸைக் கொஞ்சம் இப்பால் திருப்பு. கானல் ஓடுவது தெரியும். நேராக மேலே கொதித்தால் காற்று இல்லை, அல்லது உன் முகத்துக்கு நேராகவோ முதுகுக்குப் பின்னாலிருந்தோ வருகிறது. சாய்ந்து ஓடினால் 3 முதல் 5 மைல். படுக்கையாக ஆறுபோல ஓடினால் 8-க்கு மேல். 12 மைலைத் தாண்டினால் கானலே கலைந்துபோகும். அப்போது மரத்தைப் பார். 4 முதல் 7 மைலுக்கு வேப்பிலை சலசலக்கும். 8 முதல் 12-க்கு இலையும் சின்னக் குச்சியும் ஓயாமல் ஆடும். 13 தாண்டினால் மணலும் புழுதியும் கிளம்பும். தென்னையை நம்பாதே, சின்னக் காற்றுக்கே பெரிசாக ஆடும்.

கையடக்கக் காற்றுமானி ஒன்று வைத்துக்கொள். முதலில் வாயால் எண்ணைச் சொல், பிறகு மானியைப் பார். இந்த வரிசையை மாற்றினால் பயிற்சி வீண்.

திசைக்குக் கடிகாரம். நேர் குறுக்கே, அதாவது 3 மணி 9 மணி, முழுக் காற்று. 1 மணிக் காற்றுக்குப் பாதி. ஒன்றரை மணிக்கு 0.7. 2 மணிக்கே கிட்டத்தட்ட முழுசு.

ரேஞ்சுமணி · 18 ஜூன்
அதைத் துப்பாக்கிக் கணக்கா மாத்தறது எப்படின்னும் சொல்லிடுங்க அண்ணே. எல்லாரும் அட்டவணை அட்டவணைன்னு போனைத் தேடுறானுங்க.

பாலாத்தங்கரை · 18 ஜூன்
கடல்மட்டக் காற்றில் 6.5-ன் 143 கிரெய்னுக்கு 6 மைல் என்ற எண்ணை மனசில் வை. 6 மைல் முழுக் காற்றுக்கு 300 கஜத்தில் 0.3 மில், 400-ல் 0.4, 500-ல் 0.5. காற்று 3 மைல் என்றால் பாதி, 12 என்றால் இரட்டிப்பு. போன் வேண்டாம். மேலே சொன்ன .300 தோட்டாவுக்கும் இதே எண்தான் வரும், போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

காட்பாடி ஜங்ஷன் · 19 ஜூன்
ஏர் ரைஃபிள் உதவுமா?

பாலாத்தங்கரை · 19 ஜூன்
உதவும். .177 விட்டம், 20 ஜூலுக்கு மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு இந்தியாவில் உரிமம் தேவையில்லை. வாங்கும்போது வயது, முகவரிச் சான்று கேட்பார்கள். ரவை குழலை விட்டு வெளியேற எடுக்கும் நேரம் பெரிய துப்பாக்கியைவிட அதிகம். விசையை இழுத்த பிறகு அசைந்தால் அப்படியே தாளில் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்பிரிங் வகையை இறுக்கிப் பிடித்தால் குரூப் சிதறும், முன்கையில் சும்மா தாங்கணும். 10 மீட்டரில் விசையும் பிடியும். 40, 50 மீட்டருக்குப் போனால் லேசான காற்றே ரவையை அங்குலக் கணக்கில் தள்ளும், அங்கே காற்றுப் பாடம். பின்னால் மண்மேடு இல்லாமல் சுடாதே. மொட்டை மாடி ரேஞ்சு அல்ல.

திருப்பத்தூர்க் கிழவன் · 19 ஜூன்
மொட்ட மாடில வடாம் காயுது, அது வேற.

பாலாத்தங்கரை · 23 ஜூன்
‘தோட்டாவா பழக்கமா’ என்று தலைப்பு வைத்தாயிற்று. யோசித்தால் இரண்டையும் அப்படிப் பிரிக்க முடியாது. எட்டு பவுண்டுத் துப்பாக்கியில் 6.5-ன் உதை 12, 13 அடி-பவுண்டு. .300-ன் உதை அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். பதினைந்து இருபது குண்டுக்குப் பிறகு தோள் சொல்லாவிட்டாலும் கண் இமை சொல்லும். விசை விடுபடும் முன்பே உடம்பு சுருங்கும். அந்தச் சுருக்கம் பழகிவிட்டால் எத்தனை பெட்டி சுடுகிறாயோ அத்தனை பெட்டியும் தப்பைத்தான் ஊட்டும். உதை அதிகமானால் குண்டு விழுவதைத் தானே பார்க்கவும் முடியாது, ஸ்கோப் மேலே எகிறிவிடும். தோட்டா விலையும் கூட, குழல் ஆயுளும் குறைவு. ஆக பெரிய தோட்டாவைத் தேர்ந்த அன்றே பழக்கத்தின் அளவையும் தேர்ந்தாயிற்று.

குழல் முனையில் பிரேக் (வெடிவாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் துண்டு) போட்டால் உதை நன்றாகக் குறையும். ஆனால் சத்தம் காதைக் கெடுக்கும், பக்கத்தில் நிற்பவன் காதையும் சேர்த்து. காதடைப்பு இல்லாமல் ஒரு குண்டுகூட வேண்டாம். வேட்டையில் காதடைப்பை மறப்பவனே அதிகம்.

சுருக்கம் இருக்கா என்று தெரிய: நண்பனை மேகசினில் நிஜத் தோட்டாவோடு போலித் தோட்டாவையும் கலந்து போடச் சொல். போலி வரும்போது முனை கீழே குத்தினால் தெரிந்துவிடும். குத்தினால் அன்றைக்குப் பெரிய துப்பாக்கியை மூடிவிட்டு உதை குறைந்த சின்ன .22 எடு.

ரேஞ்சுமணி · 23 ஜூன்
.22 பத்தி ஒரு வார்த்தை. சாதாரண வேகத் தோட்டா 100 கஜத்தில் 10 மைல் காற்றுக்கு 4, 5 அங்குலம் தள்ளும். 6.5 அவ்வளவு தள்ள 300 கஜம் போகணும். நூறு கஜ ரேஞ்சிலேயே காற்றுப் பாடம், காசும் மிச்சம். 1,200 டாலரைப் பிரிச்சா: .22 துப்பாக்கி, அதுக்குச் சில ஆயிரம் தோட்டா, மிச்சத்துக்கு 6.5 வேட்டைத் தோட்டா, நல்ல முக்காலி. தூரமானி ஏற்கெனவே இல்லேன்னா முதல்ல அது.

ஆம்பூரான் · 2 செப்டம்பர் 2024
அண்ணே, 300-ல் உட்கார்ந்த நிலையில் நிக்குது, 400-ல் படுத்தால்தான். ரேஞ்சு 5,500 அடியில் இருக்கு. வேட்டை இடம் 9,000 அடிக்கு மேல். டயல் அட்டையை (எந்தத் தூரத்துக்கு எவ்வளவு டயல்னு எழுதினது) மாத்தணுமா?

பாலாத்தங்கரை · 2 செப்டம்பர்
அப்போ உட்கார்ந்தால் 300, படுத்தால் 400. இரண்டு எண்ணையும் துப்பாக்கி மேல் ஒட்டிவை.

அட்டையை மாற்று. 9,000 அடியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் முக்கால் பங்கு. 15 அங்குலம் தள்ளின காற்று அங்கே 11 அங்குலம்தான் தள்ளும். 6 மைல் என்று சொன்ன எண் அங்கே 8 ஆகும். டயலும் குறையும், ஆனால் 400 கஜத்துக்குள் அது சின்ன எண். கணிப்பானில் உயரத்தோடு வெப்பநிலையையும் போடு.

குளிரும் உண்டு. தோட்டாவுக்குள் இருக்கும் சில வெடிமருந்து வகை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஓர் அடி வேகம் வரை இழக்கும். ஜூலை மத்தியானம் 90 டிகிரியில் அளந்த வேகம் அக்டோபர் விடியலில் 20 டிகிரிக்கு 70 அடி குறையலாம். நம்ம ஊர் சித்திரை வெயிலில் காருக்குள் பெட்டியைப் போட்டுவைக்கிறவன் இதற்கு நேர் எதிர்ப் பக்கம் மாட்டுவான், அழுத்தம் ஏறி போல்ட் இறுகும். எந்தப் பக்கமானாலும் தோட்டாவை நிழலில், காற்றின் வெப்பத்திலேயே வை. உடம்புச் சூட்டில், ஜாக்கெட் உள்பையில் வேண்டாம்.

சரிவில் கீழ்நோக்கிச் சுட்டால் 30 டிகிரிக்கு 400 கஜம் 346 ஆகும், டயலுக்கு அதையே போடு. ஆனால் காற்றுக்கு 400-ஆகவே வை. குண்டு கடக்கும் காற்று குறையவில்லை.

ஆம்பூரான் · 20 செப்டம்பர்
கடைசிக் கேள்வி. பயிற்சிக்கு வாங்கினதில் ஒரு பெட்டிதான் பாக்கி. அதே பேர், அதே கிரெய்ன், புதுப் பெட்டி வாங்கினா ஜீரோ (குறியும் குண்டும் ஒண்ணா சேரும்படி ஸ்கோப்பை வச்சது) மாறுமா?

பாலாத்தங்கரை · 20 செப்டம்பர்
மாறலாம். பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் லாட் எண்ணை (எந்தத் தொகுதியில் செய்தது என்ற எண்) பார். ஒரே எண் என்றால் கவலை இல்லை. வேறு என்றால் வேகம் 20, 30 அடி தள்ளிப் போவது சகஜம். பழைய லாட்டில் மிஞ்சின பெட்டியை வேட்டைக்கு ஒதுக்கு. அதில் மூணை மட்டும், மலைக்குப் போய்ச் சேர்ந்த அன்றே, 100 கஜத்தில் ஜீரோ சரிபார்க்க வை. பயணத்தில் ஸ்கோப் தட்டுப்பட்டிருக்கும். புது லாட் பெட்டிகள் அடுத்த வருஷத்துக்கு.

கிளம்பும் முன் ஸ்கோப் வளைய ஸ்க்ரூ எல்லாம் டார்க் ரெஞ்சில் (எவ்வளவு முறுக்கு என்று காட்டும் சாவி) பார்த்துவிடு. தயாரிப்பாளர் போட்ட அளவுக்குமேல் ஒரு இழு கூட வேண்டாம், ஸ்கோப் குழாய் நசுங்கும்.

ரேஞ்சுமணி · 20 செப்டம்பர்
முக்காலி ஸ்க்ரூவையும்.